ஆறு குழந்தைகளுக்கு ஒரு கேட் பாஸ்

கம்பெனி வேனின் முன் இருக்கையில் நான். பின்னால் ஆறு குழந்தைகள். ஒரகடம் கூட்டுச்சாலையைத் தாண்டும்போது அதில் ஒன்று என் தோளில் வாந்தி எடுத்தது. காலையில் சேமியா உப்புமா சாப்பிட்டிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. இன்ஸ்பெக்‌ஷன் நாள் என்பதற்காகவே முந்தின நாள் இஸ்திரி போட்டு வைத்த வெள்ளைச் சட்டை.

"நிறுத்தவா சார்? கழுவிட்டுப் போலாம்" என்றார் டிரைவர்.

"ஓட்டுங்க" என்றேன். மணி ஒன்பதே கால். பத்து மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார். அதற்குள் இந்த ஆறு பேரையும் எங்கள் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில், தினமும் வந்து விளையாடுகிறவர்கள் போல உட்கார வைத்தாக வேண்டும். ஆறு பேரும் அந்த இடத்தை அதற்குமுன் பார்த்ததே இல்லை.

கேட்டில் வேனை மறித்தார் செக்யூரிட்டி. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் என்றால் சட்டம்.

"பதினெட்டு வயசுக்குக் கீழே யாருக்கும் விசிட்டர் பாஸ் கிடையாது சார்."

"யார் சொன்னது?"

"நீங்கதான் சார். சர்க்குலர் ஒட்டியிருக்கு பாருங்க."

பார்த்தேன். என் கையெழுத்துதான். நேரம் போய்க்கொண்டிருந்தது. என்ன செய்வது என்று நான் விழிக்க, அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தொழிற்சாலைகளில் ரிட்டர்னபிள் கேட் பாஸ் என்று ஒரு புத்தகம் இருக்கும். பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஓர் ஏணியோ அளவுக் கருவியோ இரவல் வாங்கிவந்தால் அதில் எழுதுவார்கள். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும், எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும்.

அவர் நிதானமாக எழுதினார். பொருள்: குழந்தைகள். எண்ணிக்கை: ஆறு. நிலை: நன்று. திருப்பி அனுப்பும் நாள்: இன்றே. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். வாந்தி எடுத்த குழந்தையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, 'நன்று' என்பதை அடிக்கலாமா என்று யோசித்தார். வேண்டாம் என்று கும்பிட்டேன்.

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் உத்தியோக நேர்மையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "எல்லாம் சரி, அந்தக் குழந்தைங்க விஷயத்தை எப்ப எழுதப் போறீங்க?" ஆகவே இந்த வாரம் அது.

முப்பதுக்கு மேலே போகாதே

எங்கள் கம்பெனி கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகப் பின்னித் தரும் கம்பெனி. ஒரகடத்தில் புதிது புதிதாக ஷெட் எழும்பிக்கொண்டிருந்த காலம். இரண்டாயிரத்து ஒன்பதோ பத்தோ, சரியாக நினைவில்லை. நான் அங்கே பர்சனல் ஆபீசர். தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் படப்பை வருவதற்குள் தூங்கிவிடுவேன். இறங்கியபின் விழித்துக்கொண்டேனா என்பதில் மேனேஜருக்குச் சந்தேகம் இருந்தது.

என் வேலை என்னவென்று கேட்டால் ஆள் எடுப்பது என்பேன். உண்மையில் எண்ணுவது. இருநூற்றைம்பது தொழிலாளர்களுக்கு மேல் போனால் கேன்டீன் வைக்க வேண்டும். ஆகவே இரண்டு வருடம் எங்கள் ரிஜிஸ்டரில் இருநூற்று நாற்பத்தெட்டு பேர்தான். கான்ட்ராக்ட் ஆட்களும் கணக்கில் வருவார்கள் என்பது சட்டம். வராமல் பார்த்துக்கொள்வது என் சாமர்த்தியம். ஐந்நூறு ஆனால் நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். 'உனக்கே ஒரு நல அலுவலர் தேவைப்படும் போலிருக்கே' என்பார் மேனேஜர், நான் ரிஜிஸ்டரும் கையுமாகத் திரிவதைப் பார்த்து.

பெண்கள் விஷயத்தில் எல்லை முப்பது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட அவர்கள் குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும். நாங்கள் முப்பதிலேயே நின்றோம். முப்பத்தோராவது பெண் நல்ல கைவேகத்தோடு வந்து நின்றபோது, 'அடுத்த மாசம் வாம்மா' என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது அவளுக்கு எத்தனையாவது 'அடுத்த மாசம்' என்று நான் கேட்டதில்லை.

பிறகு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. வயர் பின்னப் பெண்களின் விரல்தான் தோது என்று தலைமையகம் முடிவு கட்டியது. திருநெல்வேலி, விருதுநகர் பக்கம் முகாம் போட்டு ஒரே மாதத்தில் ஐம்பது பேருக்கு மேல் எடுத்தோம். முந்தின முப்பது பேரைப் போலவே கல்யாணம் ஆகாத பெண்கள் மட்டும். இது எந்தக் காகிதத்திலும் கிடையாது, என் தலைக்குள் மட்டும் இருந்த விதி. கல்யாணம் ஆனால் பிரசவ விடுப்பு, சம்பளத்தோடு. தாய்மார்களுக்காகப் போட்ட சட்டத்தைப் பார்த்து, தாய்மார்களே வேண்டாம் என்று முடிவெடுத்த புத்திசாலிகள் நாங்கள்.

ஆக, சட்டப்படி காப்பகம் கட்டினோம். சட்டத்துக்குப் பயந்து குழந்தையே இல்லாதபடி ஆள் எடுத்திருந்தோம்.

ஆளுக்கொரு பயம்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். அவசரக்காரர்கள் அடுத்த உபதலைப்புக்குத் தாவலாம்.

அந்தச் சாலையில் வரிசையாகத் தொழிற்சாலைகள். வெளியிலிருந்து பார்த்தே எந்தக் கம்பெனி எந்த அதிகாரிக்குப் பயப்படுகிறது என்று சொல்லிவிடுவேன். வாசலில் வேப்பங்கன்று வரிசை நட்டு, ஒவ்வொன்றுக்கும் கூண்டு வைத்து, எண் எழுதியிருந்தால் அது இரும்பு வார்ப்பட ஆலை, மாசுக்கட்டுப்பாட்டுக்காரர்களுக்குப் பயம். எங்களுக்கு எதிரே ஒன்று இருந்தது. ஆய்வுக்கு முந்தின நாள் ஆடு ஒன்று புகுந்து பதினேழு கன்றுகளைத் தின்றுவிட, வாட்ச்மேன் அந்தக் கூண்டுகளில் முருங்கைக் குச்சிகளை நட்டு வைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன் நான் ஒரு பிஸ்கட் கம்பெனியில் இருந்தேன். அங்கே எடை அளவு அதிகாரிதான் எல்லாம். பாக்கெட்டில் அச்சடித்த எடைக்கு ஒரு கிராம் குறைந்தாலும் வம்பு என்று தராசுக்காரர் கை எப்போதும் ஒரு பிஸ்கட் தாராளமாகவே இருக்கும். எங்கள் வீட்டில் அந்தக் கம்பெனி பிஸ்கட் மட்டும்தான்.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரே ஷெட்டுக்கு மூன்று போர்டு வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விற்றால் கலால் வரி கிடையாது. ஆகவே ஷெட்டை மூன்றாகத் தடுத்து ஒன்று தன் பேரில், ஒன்று மனைவி பேரில், ஒன்று மச்சான் பேரில். தடுப்புச் சுவர் முழங்கால் உயரம். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போகவேண்டுமானால் தாண்டினால் போதும். குள்ளமான ஒரு ஹெல்பர் மட்டும் சுற்றிக்கொண்டு போவார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். சிரித்த அதே வாயோடுதான் ஆறு குழந்தைகளை ஏணி மாதிரி இரவல் வாங்கினேன்.

ஹெல்மெட் போட்ட முயல்

காப்பகம் ஒரே அறை. சுவரில் குழந்தைப் படங்கள் வரைய ஆள் தேடினேன். ஃபேக்டரிக்குள் ஏற்கெனவே பாதுகாப்புப் படங்கள் எழுதிக்கொண்டிருந்த பெயின்டரிடமே கொடுத்துவிட்டேன். அவர் வரைந்த முயலுக்குத் தலையில் மஞ்சள் ஹெல்மெட். யானைக்கு சேஃப்டி ஷூ, நாலு காலிலும். கிளியின் வாயிலிருந்து 'விழிப்புடன் இருப்போம், விபத்தைத் தவிர்ப்போம்' என்ற வாசகம் வந்துகொண்டிருந்தது.

தொட்டிலை எங்கள் மெயின்டனன்ஸ் ஆட்கள் இரும்பில் வெல்டு செய்து தந்தார்கள். பழக்க தோஷத்தில் பக்கவாட்டில் ஸ்டென்சில் வைத்து எழுதியிருந்தார்கள்: 'அதிகபட்சச் சுமை 150 கிலோ'. அவ்வளவு பெரிய குழந்தை எங்கள் மேனேஜர் ஒருவர்தான்.

குழந்தைகள் வராததால் அறை சும்மா கிடக்கவில்லை. பழைய ஃபைல்கள் வந்தன. திருப்பி அனுப்பவேண்டிய வயர் ரோல்கள் வந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் நானும் வந்தேன். சாவி என்னிடம்தான் இருந்தது.

இப்படி ஒரு வருடம் போனது. ஒருநாள் ஆய்வாளர் வரப்போவதாகத் தகவல் வந்தது. 'குழந்தைங்க எங்கேன்னு கேப்பாங்களே' என்றார் மேனேஜர். 'ஏற்பாடு பண்ணிடலாம் சார்' என்றேன். எனக்கு வாய்தான் எமன்.

தாய்மைப் பயிற்சி

குழந்தைகள் இருந்தால் தாய்மார்களும் வேண்டும். பட்டியலில் தாய் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. லைனில் வேலை செய்யும் பெண்களில் ஆறு பேரை நானே பொறுக்கினேன். யாரைப் பார்த்தால் தாய் மாதிரி இருக்கிறது என்பதுதான் அளவுகோல்.

முதலில் எடுத்தது முத்துலட்சுமியை. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்துமூன்று வயது, அதிகம் பேசமாட்டாள். முகத்தில் ஒரு நிதானம். 'இந்தப் பொண்ணு முகத்தில் தாய்மை தெரியுது' என்று மேனேஜரிடம் பெருமையாகச் சொன்னேன். அத்தனை வருட பர்சனல் அனுபவம் அதைக் கண்டுபிடித்தது. ஏன் தெரிகிறது என்று யோசிக்கும் அளவுக்கு அந்த அனுபவம் போதவில்லை.

ஆறு பேரையும் கான்ஃபரன்ஸ் ஹாலில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தேன். ஆளுக்கொரு குழந்தையின் பெயர், வயது. முத்துலட்சுமிக்குக் கீர்த்தனா, வயது நான்கு. இன்னொருத்தி கவிதாவுக்குத் தினேஷ், வயது மூன்று.

"இன்ஸ்பெக்டர் மேடம் கேட்டா இதுதான் எங்க குழந்தைன்னு சொல்லணும். வேற குழந்தை கிட்ட வந்தா தள்ளி நிக்கணும். குழப்பம் வரக் கூடாது."

"பிள்ளையைத் தூக்கணுமா சார்?" என்று முத்துலட்சுமி கேட்டாள்.

"தூக்கத் தெரியுமா உனக்கு?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நான் ஒரு ஃபைல் கட்டை எடுத்து இடுப்பில் வைத்து, இடது கையை இப்படி, தலையை இப்படி என்று செய்து காட்டினேன். மூன்று வயதுப் பிள்ளையின் அம்மா அவள். என் மனைவி பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் நான் என் மகனை எட்டு மாதம் ஆன பிறகுதான் சரியாகத் தூக்கினேன். அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி சார்" என்றாள்.

அவளுக்குப் பிள்ளை இருக்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது. கணவர் லாரி டிரைவர், மாதத்துக்கு ஒரு தடவை தலைகாட்டுவார். முகாமில் விண்ணப்பம் நிரப்பியபோது திருமணம் ஆகவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அப்படி எழுதியிருக்காவிட்டால் அந்த விண்ணப்பத்தை நான் கிழித்திருப்பேன். தெரிந்தால் வேலை போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மற்ற பெண்களோடு ஹாஸ்டலில் தங்காமல் வல்லக்கோட்டைப் பக்கம் தனியாக ஓர் அறை எடுத்திருந்தாள். தாவணிக்காரிகளோடு ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் எழுதி வைத்திருந்தேன்.

"அது வேணாம் சார்"

குழந்தைகளுக்கு மல்லிகாவைப் பிடித்தேன். வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போகும் வழியில் வரிசையாகப் பன்னிரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்த அம்மாள். எங்கள் கம்பெனி ஆட்கள்தான் அதில் குடியிருந்தார்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைகளை ஒருநாள் அனுப்பி வையுங்கள், கேக்கும் ஜூஸும் உண்டு என்று சொல்லியிருந்தேன். ஒப்புக்கொண்டார்.

அன்று காலை வேன் போய் நின்றபோது ஐந்து குழந்தைகள்தான் நின்றன.

"இன்னா சார் பண்றது, தினேசுக்கு அம்ம போட்டுகீது. நேத்து ராத்திரியே மூஞ்சி பூரா கொப்புளம்."

"ஆறு பேர் பட்டியல்ல இருக்கேம்மா. இன்னொரு பையனைக் குடுங்க. மூணு வயசு. யாரா இருந்தாலும் சரி."

அவர் பின்னால் திரும்பி ஒரு கதவைப் பார்த்தார். உள்ளே ஒரு பையன் உட்கார்ந்து மூடி இல்லாத டிபன் பாக்ஸை உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கீது. ஆனா அது வேணாம் சார்."

"ஏன்? கடிக்குமா?"

"கடிக்கல்லாம் கடிக்காது. அது வேற யாரோ நம்பிக் குட்த்துட்டுப் போன கொயந்த. நா பாத்துக்கினு கீறேன், அவ்ளோதான். கேக்காம எப்டி அனுப்புறது?"

"சாயந்திரத்துக்குள்ள கொண்டுவந்து விட்டுடறேன்."

"வேணாம் சார். சொன்னா கேளு."

மணியைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். "அப்படின்னா அடுத்த பேட்ச் ஆளுங்களுக்கு வேற எடத்துல ரூம் பாத்துக்கறேம்மா" என்றேன்.

மல்லிகா உள்ளே போனார். பிறகு பையனுக்கு மூஞ்சி கழுவி, தலை வாரி, பவுடர் பூசித் தூக்கிக்கொண்டு வந்தார். "இன்னிக்கி ஒம் பேரு தினேசு. இன்னாடா?" என்றார். பையன் தலையாட்டினான். வேனில் எனக்கு நேர் பின்னால் உட்கார வைத்தார். சேமியா உப்புமா அவன்தான்.

பத்து மணி

ஆய்வாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. காப்பக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாங்கள் போட்டிருந்த நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஹெல்மெட் முயலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு பொம்மையை எடுத்தார். விலைச் சீட்டு தொங்கியது. அதைக் கிள்ளி என்னிடம் கொடுத்தார்.

"அம்மாக்களைக் கூப்பிடுங்க, பார்க்கலாம்."

ஆறு பேரும் நீலக் கோட்டும் தொப்பியுமாக வரிசையாக வந்தார்கள். முத்துலட்சுமி மூன்றாவதாக. வாசலுக்குள் காலை வைத்தவள் அப்படியே நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எம்மா!"

தினேஷ் என்று நான் கூட்டிவந்த பையன் எழுந்து ஓடினான். போய் அவள் முட்டியைக் கட்டிக்கொண்டான். நீலக் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான். வேலை நேரத்தில் அம்மா கண்ணில் பட்டது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஆய்வாளர் பட்டியலைப் பார்த்தார். "இவன் தினேஷ். அம்மா பேரு கவிதா. கவிதா யாரு?"

ஐந்தாவதாக நின்ற பெண் கையைத் தூக்கினாள்.

"உங்க பையன் ஏன் அவங்க காலைக் கட்டிக்கிட்டு நிக்கறான்?"

கவிதா என்னைப் பார்த்தாள். மேனேஜரும் என்னைப் பார்த்தார். "யூனிஃபார்ம் மேடம்" என்றேன் நான். "எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க இல்லையா, அதனால குழந்தைங்களுக்கு..."

ஆய்வாளர் என்னை முடிக்க விடவில்லை. முத்துலட்சுமியிடம் கேட்டார்: "இது உங்க பிள்ளையாம்மா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. தனி அறை, மல்லிகா, 'நம்பிக் குட்த்துட்டுப் போன கொயந்த', எல்லாம். ஆமாம் என்று சொன்னால் மேனேஜர் முன்னால் வேலை போகும். நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். 'என் தப்பு மேடம், பட்டியலே பொய்' என்று சொல்லியிருந்தால் அவள் வாயைத் திறக்க வேண்டியிருந்திருக்காது. நான் குனிந்து ஃபைலில் ஒரு பக்கத்தைப் புரட்டினேன். அது வெற்றுப் பக்கம்.

"இல்ல மேடம்" என்றாள் முத்துலட்சுமி. "எம் பிள்ள கீர்த்தனா. இவன் யாருன்னு எனக்குத் தெரியாது."

பையன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கையை விட்டான். அழுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அழவில்லை. தள்ளிப் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டான்.

ஆய்வாளர் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார். "உன் பேரு என்னப்பா?"

"இசக்கிராசா." கொஞ்சம் யோசித்து, "இன்னைக்குத் தினேசு" என்றான்.

"உங்கம்மா எங்கே?"

அவன் முத்துலட்சுமியைப் பார்த்தான். அவள் கீர்த்தனாவின் தோளில் கை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். "எங்கம்மா வேலைக்குப் போயிருக்கு" என்றான் அவன்.

இரண்டு வரி

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு ஆய்வாளர் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். "இந்த ஆறுல எத்தனை நிஜம்?"

"ஒண்ணு இருக்கும் மேடம்" என்றேன். அன்றைக்கு நான் பேசிய முதல் உண்மை.

"ஊரெல்லாம் வேன் அனுப்பியிருக்கீங்க. உங்க ஆளுங்கள்ல யாருக்குக் குழந்தை இருக்குன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாமே."

ஆய்வுப் புத்தகத்தில் நிறைய எழுதினார். பட்டியல் பொய், அதில் ஆயா என்று எழுதியிருந்த பெயரும் பொய், காரணம் கேட்டு நோட்டீஸ் வரும். கடைசியில் இரண்டு வரி: 'தொழிலாளி முத்துலட்சுமியின் ஆண் குழந்தை, வயது மூன்று, காப்பகச் சேர்க்கைப் பதிவேட்டில் இல்லை. சேர்த்து, அடுத்த ஆய்வின்போது தாயையும் குழந்தையையும் நேரில் காட்டவும்.'

முதல் ஷிஃப்ட் முடிந்ததும் முத்துலட்சுமி கேட்டுக்கு ஓடிவந்தாள். பையனைத் தன்னோடு பஸ்ஸில் கூட்டிப்போகிறேன் என்றாள். செக்யூரிட்டி புத்தகத்தைக் காட்டினார். ஆறு வந்தது, ஆறும் வேனில்தான் போக வேண்டும். ஒன்று குறைந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். நான் மறுபேச்சுப் பேசவில்லை. இசக்கிராஜா தானாக வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அவள் கூப்பிட்டபோது திரும்பவில்லை.

"நான் சொன்னது அவனுக்கு வெளங்கிட்டு சார்" என்றாள் என்னிடம். திட்டவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

மறுநாள் மேனேஜர், பொய்த் தகவல் கொடுத்து வேலையில் சேர்ந்ததற்காக அவளை நீக்கும் கடிதம் தயார் செய்யச் சொன்னார். ஆறு பெண்களைப் பொய் சொல்ல வைத்த கம்பெனி, அதில் ஒருத்தியைப் பொய் சொன்னதற்காக நீக்குகிறது. அதை நான் எதிர்த்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை, உட்கார்ந்து டைப் செய்தேன். கையெழுத்துக்குக் கொண்டுபோகும்போது ஆய்வுப் புத்தகமும் கையில் இருந்தது, மேனேஜர் அதை வாங்கிப் படித்தார். தாயையும் குழந்தையையும் நேரில் காட்டவும். நீக்கிவிட்டால் யாரைக் காட்டுவது? கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். அவளைக் காப்பாற்றியது அந்த இரண்டு வரிதான். நான் இல்லை.

அடுத்த வாரம் காப்பகத்தை உண்மையாகவே திறந்தோம். ஃபைல்கள் போயின, வயர் ரோல்கள் போயின, என் தூக்கம் போனது. விண்ணப்பத்தைத் திருத்தலாமா என்று கேட்டு ஒரு பெண் என் மேஜைக்கு வந்தாள். "எனக்கும் ஒண்ணு இருக்கு சார், ரெண்டு வயசு, ஊர்ல அம்மாகிட்ட விட்டிருக்கேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. மாதம் முடிவதற்குள் ஒன்பது பேர். நான் எடுத்த 'கல்யாணம் ஆகாத' பெண்கள்.

திறந்த முதல் நாள் பதிவேடும் பேனாவுமாக வாசலில் நின்றது நான்தான். முத்துலட்சுமி இசக்கிராஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசல் வந்ததும் அவன் நழுவி இறங்கினான். உள்ளே எட்டிப் பார்த்தான். ஹெல்மெட் முயலை அடையாளம் தெரிந்துவிட்டது. அவளை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு கேட்டான்:

"இன்னைக்கு நீ எங்கம்மாவா?"

அவள் கோட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சார்கிட்ட கேளு" என்றாள்.

அவன் என்னை அண்ணாந்து பார்த்தான். நான் அங்கேயே மண்டி போட்டு உட்கார்ந்தேன். "ஆமாண்டா கண்ணா, உங்கம்மாதான்" என்றேன். பதிவேட்டைத் திறந்து பேரைக்கூடக் காட்டினேன்.

அவன் பதிவேட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நம்பியதாகத் தெரியவில்லை. மறுநாள் காலையும் வாசலில் இறங்கி அதையே கேட்டான்.